டிரேவர் ரிஜிஸ்டரில் ஆறு பேர்

ஆஸ்டின் டவுன்,
29 ஏப்ரல் 2025

மதிப்பிற்குரிய பாகீரதி மிஸ் அவர்களுக்கு,

கெமிஸ்ட்ரி லேப் அட்டெண்டர் லட்சுமம்மா எழுதிக்கொள்வது.

அட்டெண்டர்னு எழுதினதைப் பார்த்து நெத்தியைச் சுருக்காதீங்க. பத்தொன்பது வருஷமா உங்க லேப்ல அதுதானே என் வேலை. "ஸ்கூலுக்கு வெளியில மிஸ் கிஸ் எல்லாம் வேணாம் லட்சுமி, அக்கான்னு கூப்பிடு"ன்னு நீங்க சொன்னதை நம்பி ரெண்டு வருஷமா அக்கா அக்கான்னு கூப்பிட்டுட்டேன். இனிமே மிஸ்தான்.

போன்ல உங்களை பிளாக் பண்ணியாச்சு. பேசினா அழறேன்னு நினைப்பீங்க. அதான் கடிதம். இவரு ஆட்டோவுல ஜெயநகர் பக்கம் சவாரி வந்தா உங்க பில்டிங்ல குடுத்துட்டு வருவாரு. கூடவே உங்க நாலடுக்கு டிபன் கேரியரும் வருது. காலிப் பாத்திரமா திருப்பிக் குடுக்கக் கூடாதுன்னு மேல் அடுக்குல சக்கரை போட்டிருக்கேன். கோவம் வேற, பழக்கம் வேற.

ஞாயித்துக்கிழமை காலையில சொல்லாம கொள்ளாம ஏன் கிளம்பிட்டீங்கன்னு மமதாவுக்கு மெசேஜ் போட்டிருந்தீங்க. எம் பொண்ணு பதில் போட மாட்டா, நான்தான் வேணாம்னேன். காரணத்தை நானே சொல்றேன்.

மங்களூர்ல அந்தக் கடலோர பிளாட்டை நாலு நாளைக்கு எடுக்கலாம்னு நீங்க சொன்னப்போ, சரிபாதி போடறதா இருந்தாத்தான் வருவேன்னு சொன்னேன். ஞாபகம் இருக்கா? நீங்க "எதுக்கு லட்சுமி"ன்னீங்க. நான் விடலை. நாப்பத்தேழு வயசுல, சொந்தக்காரங்க வீடு இல்லாத ஊர்ல என் காசுல போய்த் தங்கினது அதுதான் முதல் தடவை. ரயில்ல சக்லேஷ்பூர் தாண்டி மலை வந்தப்போ இவரு என்கிட்ட, "லட்சு, நாமும் டூர் வந்துட்டோம் பாருடி"ன்னாரு. அந்தச் சந்தோஷத்தோட வந்தோம்.

ரெண்டு ரூம்ல கடல் பார்த்த ரூமை உங்களுக்குக் குடுத்தது நான்தான், சந்தானம் சாருக்கு முட்டி வலின்னு. பின்பக்க ரூம்ல நாங்க படுத்தோம். அதுல எனக்கு ஒரு குறையும் இல்லை. முன்பக்க லிப்ட் வேணாம், பின்பக்க லிப்டுல போங்கன்னு கேர்டேக்கர் டிரேவர் சொன்னான். முன்பக்கம் ரிப்பேர் போலன்னு நாங்க மூணு பேரும் நாலு நாளும் குப்பைக் கூடையோட சேர்ந்து ஏறி இறங்கினோம். அப்பவும் மமதா, "இந்த லிப்ட் வாசல் ஜன்னல்லேர்ந்தும் ஓரமா கடல் தெரியுதும்மா"ன்னா.

ஞாயிறு காலையில நீங்க குளிச்சுக்கிட்டிருந்தீங்க. டிரேவர் பின் ரூம் சாவி கேட்டு வந்தான். ரிஜிஸ்டரை நீட்டி "சைன் ஹாக்கு"ன்னான். மரியாதையா "ஹாக்கி"ன்னு சொல்லலை. போடுங்கன்னு இல்லை, போடு. நான் பத்தாவது வரைக்கும் கன்னட மீடியம், அது உங்களுக்கே தெரியும். அந்த வரியைப் படிச்சேன். "மனெயவரு மூறு. ஆளு மூறு." வீட்டுக்காரங்க மூணு பேர், வேலைக்காரங்க மூணு பேர்.

இது யார் சொல்லி எழுதினதுன்னு கேட்டேன். "உங்க மேடம்தானே சொன்னாங்க, முதல் நாளே"ன்னான்.

கவர்ன்மென்ட் கெம்பு பஸ் பிடிச்சு ராத்திரிக்குள்ள வீடு வந்து சேர்ந்தோம்.

ஜூன் எட்டாம் தேதி சந்தாபுரா வீட்டுக்குக் கிரகப்பிரவேசம். முதல் பாலை நீங்கதான் காய்ச்சணும்னு கேட்டிருந்தேன். இப்ப வேண்டாம். என் நாத்தனார் காய்ச்சுவா. நீங்க வரவும் வேண்டாம்.

இப்படிக்கு,
லட்சுமம்மா க.


ஜெயநகர்,
2 மே 2025

லட்சுமிக்கு,

உன் கடிதத்தை மூணு தடவை படிச்சேன். சக்கரையை அவர் எடுத்துக் காபியில போட்டுண்டார். அவருக்கு விஷயம் தெரியாது, ருசியா இருந்ததுன்னார்.

முதல்ல ஒண்ணு. நாலு நாள் ஒரே வீட்ல சாப்பிட்டுத் தூங்கினவா, குளிச்சுட்டு வெளியில வரதுக்குள்ள பெட்டியோட கிளம்பிப் போறது என்ன பழக்கம்? நான் பயந்தே போயிட்டேன். மமதாவுக்கு ஏதோ ஆயிடுத்துன்னு நினைச்சு எம் பிள்ளை சுதீரை பீச் வரைக்கும் ஓட விட்டேன்.

இப்போ விஷயத்துக்கு வரேன். அன்னிக்கு டிரேவர் "இவரெல்லா யாரு மேடம்"னு கேட்டான். "இவரெல்லா நம்ம ஆளுகளே"ன்னு சொன்னேன். சொன்னதுதான், மறைக்கலை. ஆனா எந்த அர்த்தத்துல சொன்னேன்னு உனக்குத் தெரியாதா? நாம தமிழ்ல எப்படிச் சொல்லுவோம்? நம்ம ஆளு, நம்ம மனுஷா, வேண்டப்பட்டவா. லேப்ல புதுசா யாராவது டீச்சர் வந்தா உன்னை அப்படித்தானே சொல்லுவேன், "எது வேணும்னாலும் லட்சுமியைக் கேளுங்கோ, நம்ம ஆளு"ன்னு. நீயும் சிரிச்சுண்டு நிப்பே. வாயில கன்னடம் இருந்தது, மனசுல தமிழ் இருந்தது. அந்தப் பையன் கன்னடத்துல மட்டும் கேட்டுட்டான். இது ஒரு வார்த்தையால வந்த வினை. இதுக்குப் போய்ப் பத்தொன்பது வருஷத்தைத் தூக்கிப் போடறதா?

உன்னை நான் எப்பவாவது ஒரு படி கீழே வச்சிருக்கேனா? அதே சமையலறையில நீங்க மீன் வறுக்க நாங்க அனுமதிச்சோமே. எங்காத்துல எங்கம்மா இருந்தா நடந்திருக்குமா? பால்கனிக் கதவைத் திறந்து வச்சுண்டு, முகத்தைக்கூடச் சுளிக்காம, "வாசனை நன்னாருக்கு"ன்னு வேற சொன்னேன். அதெல்லாம் கணக்கே இல்லையா?

பாலை நாத்தனார் காய்ச்சட்டும். அது உன் வீடு, உன் இஷ்டம். ஆனா கோவத்துல எடுத்த முடிவுன்னு மட்டும் உனக்கே தெரியும்.

பாகீரதி


ஆஸ்டின் டவுன்,
6 மே 2025

பாகீரதி மிஸ்ஸுக்கு,

அனுமதிச்சீங்களா?

நல்லா இருக்கு மிஸ், ரொம்ப நல்லா இருக்கு. பாதி வீடு என்னுது. என் பாதியில நான் மீன் வறுக்க நீங்க அனுமதி குடுத்தீங்க. பாத்திரத்தைத் தேய்ச்சு, மேடையை எலுமிச்சம்பழம் போட்டுத் துடைச்சு, உங்களுக்கு வாடை வரக் கூடாதுன்னு ஊதுபத்தி ஏத்தினேனே, அதுக்கு நான் யார்கிட்ட அனுமதி வாங்கினேன்?

அந்த வார்த்தைக்கு வரேன். நீங்க யாரு? உங்க தாத்தா மைசூர் கவர்ன்மென்டுல கன்னடத்துல பைல் எழுதினவரு. ராஜ்யோத்சவத்துக்கு ஸ்கூல்ல கன்னடப் பேச்சு எழுதித் தர்றது நீங்க. நான் "அவளு பந்தரு", அவ வந்தாங்கன்னு தப்பாச் சொல்லிட்டா, "பந்தளுன்னு சொல்லு லட்சுமி"ன்னு பசங்க முன்னாடியே திருத்துவீங்க. அப்படிப்பட்ட உங்களுக்குக் கன்னடத்துல ஆளுன்னா வேலைக்காரன்னு தெரியாதா? "நம்மவரு"ன்னு ஒரு அழகான வார்த்தை இருக்கே, அது வரலையா உங்க வாயில?

சரி, வரலை. விடுங்க. எனக்கும் தமிழும் கன்னடமும் நாக்குல இடிச்சுக்கும், பெங்களூர்ல பொறந்த எல்லாத் தமிழனுக்கும் இடிச்சுக்கும். முதல் நாள் நீங்க சொன்னது வாய் தவறினதுன்னே வச்சுக்கறேன்.

ஆனா ஒண்ணு நான் முதல் கடிதத்துல எழுதலை. நீங்களே சொல்லுவீங்கன்னு விட்டு வச்சேன். நீங்க சொல்லலை, நானே கேக்கறேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம். நான் மொட்டை மாடியிலேர்ந்து துணியை எடுத்துக்கிட்டுப் பின் வழியா வந்தேன். டிரேவர் முன் கதவுல நின்னு உங்ககிட்ட பேசிக்கிட்டிருந்தான். "நிம்ம ஆளிகெ ஹேளி மேடம், டெரஸ் மேலெ பட்டெ ஹாக்கோது பேட." உங்க வேலைக்காரம்மாகிட்ட சொல்லுங்க மேடம், மாடியில துணி போட வேணாம்னு. இதுல தமிழும் இல்லை, குழப்பமும் இல்லை. நீங்க "ஆய்த்து"ன்னீங்க. சரின்னீங்க. கதவைச் சாத்தினீங்க.

என் கையில இருந்த துணியில பாதி உங்களுது. சாரோட வேட்டி மேலேயே இருந்தது.

ஒருவேளை அவன் சொன்னது உங்க காதுல சரியா விழலையோன்னு நினைச்சேன். வெள்ளி, சனி, ரெண்டு நாள் உங்க வாயையே பார்த்துக்கிட்டிருந்தேன். சனிக்கிழமை பனம்பூர் பீச்சுல என் கையைப் பிடிச்சுக்கிட்டு அலையில நின்னீங்களே, அப்பவாவது சொல்லுவீங்கன்னு இருந்தேன். "லட்சுமி, தண்ணி சில்லுன்னு இருக்குல்ல"ன்னீங்க. அவ்வளவுதான். அப்புறம்தான் ஞாயித்துக்கிழமை ரிஜிஸ்டர்.

எனக்கு நீங்க மன்னிப்பும் எழுத வேணாம், விளக்கமும் எழுத வேணாம். ஒரே கேள்வி. வெள்ளிக்கிழமை டிரேவர் சொன்னது உங்களுக்குக் கேட்டுதா, கேக்கலையா?

கேக்கலைன்னு எழுதினாலும் நம்புவேன். உங்களை நம்பித்தான் எனக்குப் பழக்கம்.

லட்சுமம்மா


ஜெயநகர்,
14 மே 2025

லட்சுமிக்கு,

கேட்டது.

இதை எழுத எட்டு நாள் ஆச்சு. "கேக்கலை"ன்னு ஒரு கடிதம் எழுதி, கவர்ல போட்டு, ஒட்டியும் வச்சேன். நீ நம்புவேன்னு எழுதியிருந்தியே, அதுதான் அனுப்ப விடலை. நீ நம்பியிருப்பே. அதுக்கப்புறம் உன் முகத்தைப் பார்த்துண்டு நான் எப்படி லேப்ல நிக்கறது?

கேட்டது, புரிஞ்சுது. அந்த நிமிஷமே முதல் நாள் நான் சொன்னது அவனுக்கு எப்படிப் போயிருக்குன்னும் புரிஞ்சுது. லிப்ட் விஷயமும் அப்போதான் உறைச்சுது. திருத்தணும்னு வாய் வரைக்கும் வந்தது. திருத்தினா அவன் என்னை ஒரு மாதிரி பார்ப்பான், "அப்போ இவா யாரு?"ன்னு கேப்பான், நான் நின்னு விளக்கணும். ரெண்டு நாள்தானே, போயிடுவோமேன்னு தோணித்து. கதவைச் சாத்தினேன். இன்னொண்ணும் சொல்லிடறேன், சொல்லாம விட்டா இதுவும் பாதி உண்மைதான். "நிம்ம ஆளு"ன்னு அவன் சொன்னப்போ எனக்குக் கோவம் வரலை லட்சுமி. ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அது எனக்குச் சாதாரணமாப் பட்டது. அதை நினைச்சா இப்போ உடம்பு கூசறது.

முதல் நாள் நான் சொன்னது தமிழ்தான். சத்தியமா. வெள்ளிக்கிழமை நான் சும்மா இருந்தது கன்னடம். நீ கேட்ட கேள்வி சரியான கேள்வி.

அவர்கிட்ட எல்லாத்தையும் சொன்னேன். சுதீரும் இருந்தான். அவர், "பசங்க பேப்பர்ல ஒரு ஸ்பெல்லிங் தப்பா இருந்தா சிவப்பு மையை எடுத்துண்டு ஓடுவியே, இதை மட்டும் எப்படிடி திருத்தாம விட்டே?"ன்னார். அவர் வேட்டியை நீ மடிச்சுக் கொண்டு வந்ததை வேற சொன்னேனா, எழுந்து உள்ளே போயிட்டார்.

நேத்து டிரேவருக்கு போன் பண்ணினேன். அவன்மேல தப்பில்லை, நான் சொன்னதைத்தான் எழுதினான். "அவா என் ஆளுகளு இல்லை, நான் தப்பாச் சொன்னேன், அந்த வீட்டை ரெண்டு குடும்பமும் சரிசமமா எடுத்தோம், ரிஜிஸ்டர்ல திருத்து"ன்னேன். "ஹோகலி பிடி மேடம், விட்டுடுங்க, முடிஞ்சு போச்சு"ன்னான். விடலை. மூணு தடவை பண்ணினேன். கடைசியில தொல்லை தாங்காம அடிச்சு எழுதி போட்டோ அனுப்பினான். பிரிண்ட் எடுத்து உள்ளே வச்சிருக்கேன். அவனா ஒரு வார்த்தை யோசிச்சு எழுதியிருக்கான். அதைப் பார்த்து நீ என்ன சொல்லுவியோ, எனக்குத் தெரியலை.

மன்னிப்பு எழுத வேணாம்னு சொல்லிட்டே, எழுதலை. கூப்பிடாத வீட்டுக்கு நான் வரவும் மாட்டேன், எனக்கும் கொஞ்சம் ரோஷம் இருக்கு. ஆனா ஒண்ணு. சால்ட் அனாலிசிஸ்ல எந்தப் பையன் டியூப்ல என்ன உப்பு இருக்குன்னு, நான் பார்க்கறதுக்கு முன்னாடியே தூரத்துலேர்ந்து நிறத்தைப் பார்த்துச் சொல்லுவியே, அந்த லட்சுமி இன்னிக்கு சந்தாபுராவுல மூணாவது மாடியில சொந்த வீட்டுக்காரி. டைல்ஸுக்கு ஆளே கிடைக்காம அத்திபெலே வரைக்கும் போய் மேஸ்திரியைப் பிடிச்சு இழுத்துண்டு வந்தவ. உன்னைப் பத்தி நான் பெருமைப்படறதை நீ பிளாக் பண்ண முடியாது. எட்டாம் தேதி காலையில என் வீட்டு அடுப்புல பால் வச்சு, நான் பாட்டுக்குப் பெருமைப்பட்டுண்டு நிப்பேன்.

பாகீரதி


ஆஸ்டின் டவுன்,
20 மே 2025

அக்காவுக்கு,

என்னடா மறுபடி அக்கான்னு உடனே சந்தோஷப்பட வேணாம். கோவம் இன்னும் முக்கால்வாசி அப்படியே இருக்கு.

உங்க கவர் வந்து ரெண்டு நாள் பிரிக்கலை. சாமி படத்துக்குப் பின்னாடி சொருகி வச்சிட்டேன். "கேக்கலை"ன்னு இருந்துட்டா என்ன பண்றதுன்னு பயம். நம்புவேன்னு வீறாப்பா எழுதிட்டேனே தவிர, நான் நேர்ல பார்த்ததைப் பொய்யுன்னு நானே எப்படி நம்பறது? மூணாவது நாள் இவருதான் பிரிச்சு, முதல் வார்த்தையைப் படிச்சுட்டு என் கையில குடுத்தாரு. "கேட்டது"ன்னு ஒத்தை வார்த்தை. சமையல்கட்டுல உக்காந்து நல்லா அழுதேன். இப்ப அழுதேன்னு நீங்க நினைச்சாலும் பரவால்லே.

அந்த ஒரு நொடி உங்களுக்குச் சாதாரணமாப் பட்டதுன்னு எழுதியிருந்தீங்களே, அது வலிச்சுது அக்கா. பொய் சொல்லலை, ரொம்ப வலிச்சுது. ஆனா அதை எழுதாம விட்டிருந்தா நான் இந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டேன்.

அப்புறம் அந்த போட்டோவை எடுத்தேன். "ஆளு"ன்னு இருந்ததைக் கோணலா அடிச்சு, மேலே டிரேவர் எழுதியிருக்கான் பாருங்க, "சம்பந்திகரு"ன்னு.

ஐயோ அக்கா!

கன்னடத்துல சொந்தக்காரங்கன்னு அர்த்தம், தெரியும். ஆனா நாம தமிழாச்சே. இவருக்குப் படிச்சுக் காட்டினேன். குடிச்சுக்கிட்டிருந்த டீ மூக்கு வழியா வந்துடுச்சு. "லட்சு, சந்தானம் சார் எப்ப நமக்குச் சம்பந்தி ஆனாரு, எனக்குச் சொல்லவே இல்லையே, சீர் என்ன கேக்கறாரு?"ன்னு ஒரே சிரிப்பு. மங்களூர்லேர்ந்து வந்த நாள் முதலா அந்த மனுஷன் சிரிச்சு நான் பார்க்கலை. மமதா எட்டிப் பார்த்துட்டு, "சீ, சுதீர் அண்ணனா?"ன்னு ஓடிட்டா. முதல்ல உங்க வாய், இப்ப அவன் பேனா. அந்த ரிஜிஸ்டர்ல நம்ம ரெண்டு குடும்பத்தையும் ஒழுங்கா எழுத ஒருத்தருக்கும் வரலை.

சரி, இப்ப நான் சொல்றதைக் கேளுங்க. உங்களுக்கு ரோஷம் இருக்குன்னீங்க. எனக்கு உங்களைவிட ஜாஸ்தி இருக்கு. அதனால கூப்பிடறேன். கூப்பிட்டேன்னு எழுத்துல இருக்கட்டும்.

ஜூன் எட்டு, ஞாயித்துக்கிழமை, காலையில ஆறு மணிக்குள்ள சந்தாபுரா வந்துடணும். உங்க வீட்டு அடுப்புல தனியாப் பால் வச்சுப் பெருமைப்படற வேலையெல்லாம் வேண்டாம், என் அடுப்புல வந்து வைங்க. நாத்தனார்கிட்ட பேசிட்டேன், அவ முறுக்கிக்கிட்டா. முறுக்கிக்கட்டும்.

எங்க பில்டிங்ல கேட்டுக்குப் பக்கத்துலயே முன் லிப்ட். சாருக்கு முட்டி வலிக்காது. பின் லிப்டே கிடையாது எங்ககிட்ட. கட்டலை.

ஆனா கேட்டுல ஒரு ரிஜிஸ்டர் உண்டு. வாட்ச்மேன் உமேஷ் யாரையும் சும்மா விட மாட்டான். பேர் என்ன, எந்த வீடு, யாரு வேணும், எல்லாம் எழுதினாத்தான் உள்ளே விடுவான். நான் விடியறதுக்கு முன்னாடியே கீழே வந்து நிப்பேன். நீங்க ஆட்டோவை விட்டு இறங்கினதும் பேனாவை நான் வாங்கிப்பேன். பாகீரதின்னு எழுதுவேன். யாருன்னு கேக்கற இடத்துல "நம்மவரு"ன்னு எழுதலாமேன்னு இவரு சொல்றாரு. வேண்டாம்னுட்டேன்.

"நம்ம ஆளு"ன்னு எழுதுவேன். கன்னடத்துலதான் எழுதுவேன், பெரிசா, அவன் நல்லாப் படிக்கற மாதிரி. உமேஷ் உங்களை ஏற இறங்கப் பார்ப்பான். பார்க்கட்டும். நீ ஒரு வார்த்தை திருத்தக் கூடாது. தலையை நிமிர்த்திக்கிட்டு, பக்கத்துல கையெழுத்துப் போட்டுட்டு, என்கூட மேலே வா.

பால் பொங்கி வழியற வரைக்கும் அடுப்பை விட்டு நகரக் கூடாது, சொல்லிட்டேன்.

உன்,
லட்சுமி

டிபன் கேரியரைக் கொண்டு வா. காலியாக் கொண்டு வராதே.